சங்கத்துக் கணக்கை யார் கேட்கலாம்?

மலையகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு நடத்த நாங்கள் தொடங்கிய சங்கத்தின் மொத்தச் சொத்து இரண்டு கரும்பலகை, ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம், வங்கியில் சில ஆயிரம் ரூபாய். ஒருநாள் மழை விட்ட நேரமாகப் பார்த்து மோட்டார் சைக்கிளில் இருவர் வந்தார்கள். சீருடை இல்லை. "சும்மா ஒரு தகவலுக்குத்தான் தம்பி" என்று தொடங்கி, உறுப்பினர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், யாருக்கு வெளிநாட்டில் சொந்தம் இருக்கிறது, யார் காசு தருகிறார்கள் என்று வரிசையாகக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். செயலாளர் என்ற முறையில் கணக்குப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அதைத் திறக்கவே இல்லை.

அதே மாதம் தோட்டத்தின் பக்கத்துப் பிரிவில், பக்கத்து டிவிசனில், ஒரு தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் நின்று பெண்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு தொண்டு நிறுவனம் கட்டிக்கொடுத்த தாங்கி. பெயர்ப்பலகை இன்றும் பளபளவென்று இருக்கிறது. குழாயில் தண்ணீர் வந்தது திறப்பு விழா அன்று மட்டும். அந்த வேலைக்கு எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு செலவானது என்று கேட்க எந்த மோட்டார் சைக்கிளும் வரவில்லை.

அப்புறம்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஒரு சங்கத்தையோ தொண்டு நிறுவனத்தையோ அரசு எந்த அதிகாரத்தில் விசாரிக்கிறது? யார் விசாரிக்கலாம், எதை விசாரிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இலங்கையில் எல்லாத் தொண்டு அமைப்புகளுக்கும் பொதுவான ஒரே சட்டம் கிடையாது. எந்தச் சட்டத்தின் கீழ் பதிந்தோமோ அந்தச் சட்டத்தின் அதிகாரிதான் முதலில் நம் கதவைத் தட்ட முடியும். 'பதிவு செய்த நிறுவனம்' என்று சொன்னால் போதாது. எங்கே பதிந்தது என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்.

நேரடியாகத் தொண்டு அமைப்புகளுக்கென்றே வந்த சட்டம் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் (பதிவு செய்தலும் மேற்பார்வை செய்தலும்) சட்டம். பெயர் நீளம், விஷயம் சின்னது. ஏழைகள், நோயாளிகள், அநாதைகள், உடல் ஊனமுற்றோர், அனர்த்தத்தில் சிக்கியோர் ஆகியோருக்கு உதவும் அமைப்புகள் என்று அது வரையறை தருகிறது. மக்கள் தரும் பணத்திலோ, அரச மானியத்திலோ, உள்நாட்டு வெளிநாட்டு நன்கொடையிலோ அவை இயங்க வேண்டும். 1980இல் 'தொண்டு' என்றால் சோறு, மருந்து, போர்வை. தொழிலாளருக்குச் சட்டம் சொல்லிக்கொடுப்பது, காணி உரிமை பற்றிக் கூட்டம் போடுவது எல்லாம் அந்த வரையறைக்குள் வருமா என்ற இழுபறி அன்றிலிருந்து இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சட்டத்தின் விசாரணை வழி இப்படிப் போகிறது. ஒரு நிறுவனத்தில் மோசடி நடந்திருக்கிறது, பணம் கையாடப்பட்டிருக்கிறது என்று முறைப்பாடு வந்தால் பதிவாளர் அதை அமைச்சருக்கு அனுப்பலாம். அமைச்சர் அதைப் பாரதூரமானது என்று கருதினால் விசாரணைச் சபை ஒன்றுக்கு ஒப்படைக்கலாம். அந்தச் சபைக்குச் சாட்சிகளை அழைக்கவும், ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும், சத்தியம் செய்வித்து வாக்குமூலம் எடுக்கவும் அதிகாரம் உண்டு. இதுவரை சரி. 1998ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தம் இன்னொரு படி போனது. விசாரணை முடியும் முன்னரே, குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இருக்கிறது, பொதுநலனுக்குத் தேவை என்று அமைச்சர் திருப்தியடைந்தால், நிறுவனத்தின் நிர்வாகத்தை எடுத்து இடைக்கால முகாமைச் சபை ஒன்றிடம் கொடுக்க முடியும். வழக்கு முடியுமுன் சாவியை வாங்கிக்கொள்கிற மாதிரி. பணம் ஓடிப்போகாமல் தடுக்க இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும் என்று வாதிடலாம். நானும் முழுதாக மறுக்க மாட்டேன். ஆனால் முடிவெடுப்பவர் நீதிபதி அல்ல, அரசியல்வாதி என்பதுதான் உறுத்துகிறது.

முறைப்பாடு மோசடி பற்றியதாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். 'அவர்கள் அதிகம் பேசுகிறார்கள்', 'வெளிநாட்டுக்காரர் வந்து போகிறார்' என்பதெல்லாம் இந்தச் சட்டத்தில் விசாரணைக்கான காரணமாக எழுதப்படவில்லை.

அப்படியானால் அந்த மாதிரிக் கேள்விகள் எங்கிருந்து வருகின்றன? அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1990 டிசம்பரில் ஜனாதிபதி பிரேமதாச அரச சார்பற்ற நிறுவனங்களை விசாரிக்க ஓர் ஆணைக்குழுவை நியமித்தார். அதன் பெரிய இலக்காக இருந்தது சர்வோதயம் என்ற பெரிய தொண்டு நிறுவனம். அதன் நிறுவுநர் ஏ. டி. ஆரியரத்னவுக்கும் ஜனாதிபதிக்கும் அப்போது ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்த கதை. 1993 இறுதியில், நிறுவனங்களின் வரவு செலவைக் கண்காணிக்க அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகள் வந்தன. சுனாமிக்குப் பிறகு பணம் குவிந்தபோது, 2006இல் பாராளுமன்றத் தெரிவுக்குழு ஒன்று அதே வேலைக்கு அமைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் வாசலில் எழுதிய காரணம் கணக்கு வழக்கு. உள்ளே போனால் பேச்சு நாட்டின் பாதுகாப்பைப் பற்றியதாக மாறிவிடும்.

இந்த மாற்றம் கடதாசியிலேயே தெரியும்படி நடந்தது 2010இல். அதுவரை சமூக சேவைப் பக்கம் இருந்த அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அப்புறம் அமைச்சு அமைச்சாக இடம் மாறி, இடையில் மறுபடியும் அங்கேயே போயும் வந்தது. ஊனமுற்ற பிள்ளைகளுக்குச் சக்கர நாற்காலி வாங்கிக்கொடுக்கிற சங்கம் தன் ஆண்டறிக்கையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள அலுவலகத்துக்கு அனுப்பிய காலம் அது. 2014 ஜூலையில் அந்தச் செயலகம் ஒரு கடிதம் அனுப்பியது. அரச சார்பற்ற நிறுவனங்கள் ஊடகவியலாளர் மாநாடு, ஊடகவியலாளருக்கான பயிற்சிப் பட்டறை, ஊடக அறிக்கை வெளியிடுதல் ஆகியவற்றை நிறுத்த வேண்டும் என்றது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு அப்படிச் சொல்கிறது என்று பலர் கேட்டார்கள். கேள்வி அப்படியே தொங்கி நின்றது.

சுற்றறிக்கைக்கும் சட்டத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம் நம் ஊர்ச் சின்னச் சங்கங்களுக்கு மிக முக்கியம். நடைமுறையில் பதிவு மூன்று தட்டில் நடக்கிறது. ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் மட்டும் வேலை செய்தால் அங்கே, ஒரு மாவட்டத்துக்குள் என்றால் கச்சேரியில் (மாவட்ட செயலகத்தில்), அதற்கு மேல் போனால் கொழும்பில் தேசிய செயலகத்தில். இந்தத் தட்டுகளில் பெரும்பகுதி சுற்றறிக்கையால் வந்தவை. ஒருவருடைய உரிமையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அது சட்டத்தால் விதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 15ஆம் உறுப்புரை சொல்கிறது. சுற்றறிக்கை ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரிக்கு எழுதும் கடிதம். அது நம்மைக் கட்டுப்படுத்துமா என்பது வாதிடத்தக்க விஷயம்.

அரசியலமைப்பு என்றதும் ஒரு பழைய காயம் ஞாபகத்துக்கு வருகிறது. ஒன்றுகூடிச் சங்கம் அமைக்கும் உரிமை 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. ஆனால் அது 'பிரஜை'களுக்கு உரியது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியதால், 1978இல் இந்த அரசியலமைப்பு வந்தபோது மலையகத்தில் பல இலட்சம் பேர் பிரஜைகள் அல்ல. அவர்களை நினைத்தோ என்னவோ, வேறெந்த நாட்டின் பிரஜையும் அல்லாத, சட்டப்படி நிரந்தரமாக இங்கே வசிக்கிறவர்களுக்கு அந்த உரிமைகள் பத்து ஆண்டுகளுக்கு மட்டும் உண்டு என்று ஒரு துணைப்பிரிவு சேர்த்தார்கள். தவணைக்குக் கொடுத்த உரிமை! தவணை முடிகிற 1988இல்தான் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 39ஆம் இலக்கச் சட்டமும், பிறகு 2003இல் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. யாராவது வந்து பெயர் கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லும் பழக்கம் நம்மவர்களிடம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்கு இந்தத் தவணைதான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, மற்ற வழிகளுக்கு வருவோம். 1980ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டாம் என்று பல நிறுவனங்கள் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிகின்றன. இலாபம் பங்கு பிரிக்கக் கூடாது. மற்றபடி கம்பனி கம்பனிதான். கம்பனிப் பதிவாளருக்குக் கணக்கறிக்கை போக வேண்டும். தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா (குழந்தைப் பராமரிப்பு நிலையம்), வீடமைப்பு, சுகாதாரம் என்று எங்கும் பெயர் காணும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் இந்த வகைதான். தோட்டங்களைப் பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுத்த 1992இல், அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து அமைத்தது. மூன்றாவது வழி பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் போட்டுக் கூட்டிணைப்பது. சர்வோதயத்துக்கு 1972இல் அப்படி ஒரு சட்டம் வந்தது.

நான்காவது வழி நம்பிக்கைப் பொறுப்பு, அதாவது 'டிரஸ்ட்'. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் நூறு வயது தாண்டியது; ஆனால் அமைச்சரை நம்பியிராமல் சாதாரண மனிதர் கையில் ஓர் ஆயுதம் கொடுக்கிற சட்டம் அது. பொதுத் தருமத்துக்கான நம்பிக்கைப் பொறுப்பில் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம்: கணக்குக் காட்டச் சொல்லலாம், பொறுப்பாளரை நீக்கக் கேட்கலாம், நிர்வாகத்துக்கு ஒரு திட்டம் வகுக்கக் கேட்கலாம். 102ஆம் பிரிவு வழிபாட்டுத் தலங்களுக்கும் இதே வழியைத் திறக்கிறது. கோயிலாக இருந்தால் முதலில் அரசாங்க அதிபருக்கு மனுக் கொடுத்து, அவர் நியமிக்கும் ஆணையாளர் விசாரித்த பிறகே நீதிமன்றம் போக முடியும். தோட்டத்துக் கோயில் கமிட்டிச் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். சம்பளத்தில் கோயில் சந்தா வெட்டுகிறார்கள். கும்பாபிஷேகத்துக்குக் கொழும்பிலும் கனடாவிலும் பற்றுச்சீட்டு ஓடுகிறது. கணக்குக் கேட்டால் 'சாமி காசுக்கே கணக்கா?' என்று ஒரு பெரியவர் கண் சிவப்பார். கேட்கலாம். ஐந்து பேர் வேண்டும், அவ்வளவுதான். ஒரு கஷ்டம், அந்தப் பெரியவரே உங்கள் மாமனாராகவும் இருப்பார்.

பணம் நடந்து போகிற வழியில் இன்னும் சிலர் நிற்கிறார்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களம், அரச சார்பற்ற நிறுவனம் பெறும் மானியத்திலும் நன்கொடையிலும் 3 சதவீதத்தை வருமானமாகக் கருதி வரி கேட்கும். நிவாரணம் போன்ற வேலைகளுக்குச் சலுகை பெற இடமுண்டு. வங்கிப் பக்கத்தில் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு இருக்கிறது. 2005, 2006 ஆண்டுகளில் வந்த மூன்று சட்டங்கள், அதாவது பயங்கரவாதத்துக்கு நிதி வழங்குவதை ஒடுக்குவதற்கான சட்டம், பணச் சலவைத் தடுப்புச் சட்டம், நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டம் ஆகியவை, அதற்குப் பலம் தருகின்றன. சந்தேகமான பணமாற்றத்தை வங்கி அறிவிக்க வேண்டும். அந்தப் பிரிவு ஒரு கொடுக்கல் வாங்கலை ஏழு நாள் நிறுத்தி வைக்கலாம். அதற்கு மேல் நீட்ட மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 2017இலிருந்து 2019 வரை இலங்கை உலகப் பணச் சலவைத் தடுப்பு அமைப்பின் சாம்பல் பட்டியலில், அதாவது குறைபாடுள்ள நாடுகளின் கண்காணிப்புப் பட்டியலில், இருந்தது. அதனால் வங்கிகளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. 'உங்கள் சங்கத்துக்கு ஏன் வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது' என்று காசாளர் கேட்பதற்குப் பின்னால் இந்தப் பட்டியல் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த அமைப்பின் 8ஆவது பரிந்துரை, எல்லாத் தொண்டு நிறுவனத்தையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள், ஆபத்து இருக்கிற இடத்தை மட்டும் பாருங்கள், நல்ல வேலைக்கு இடைஞ்சல் செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறது.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அரசு இன்னும் அதிகமாக உள்ளே வர வேண்டும் என்று நினைக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகளைப் 'படிக்க வைக்கிறோம்' என்று அழைத்துப்போகும் விடுதிகளும் இல்லங்களும் இங்கே நிறைய. சிறுவர் இல்லங்களை மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் பதிந்து மேற்பார்வை செய்ய வேண்டும். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு, துஷ்பிரயோகம் நடப்பதாகச் சந்தேகித்தால் இடத்துக்குள் போய்ப் பார்க்கும் அதிகாரம் உண்டு. 1929க்கு அழைத்துச் சொல்லலாம். ஓர் இல்லத்தின் முன்வாசலில் இயேசு படமோ பிள்ளையார் படமோ இருப்பது பதிவுச் சான்றிதழ் ஆகாது.

இங்கிலாந்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். அங்கே தரும நிறுவனங்களுக்கென்று 1853இலிருந்து ஓர் ஆணைக்குழு இருக்கிறது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அதுதான் பொறுப்பு. கணக்கை முடக்கலாம், பொறுப்பாளரை இடைநிறுத்தலாம், நீக்கலாம். அதிகாரத்தில் நம்முடையதை விடக் குறைந்ததல்ல. ஆனால் அமைச்சர் சொல்லி அது ஆடாது, அதன் முடிவுகளை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், விசாரணை அறிக்கையை வழக்கமாக வெளியிட்டுவிடும். மலையகத்துக்கு வரும் உதவியில் ஒரு பங்கு அங்கே பதிந்த தரும நிறுவனங்கள் வழியாக வருவதால், அந்த ஆணைக்குழு அங்கே கேட்கும் கேள்வி இங்கே அட்டனில் ஓர் அலுவலகத்தில் பற்றுச்சீட்டு தேட வைக்கும்.

இங்கே பழைய சட்டத்தை மாற்றும் முயற்சி இரண்டு முறை சூடு பிடித்தது. 2018இல் ஒரு திருத்த வரைவு வந்து, எதிர்ப்பால் பின்வாங்கப்பட்டது. 2024 ஜனவரியில் முற்றிலும் புதிய சட்டத்துக்கான வரைவு வந்தது. அதையும் சிவில் அமைப்புகள் எதிர்த்தன. எதிர்ப்பின் சாரம், கட்டாயப் பதிவும் பரந்த விசாரணை அதிகாரமும் சேர்ந்தால் ஊர்ச் சங்கம் முதல் பெரிய நிறுவனம் வரை எல்லாமே அதிகாரியின் கைப்பிடிக்குள் போய்விடும் என்பது. பெரிய நிறுவனத்துக்குச் சட்டத்தரணி இருக்கிறார். மரண உதவிச் சங்கத்துப் பொருளாளருக்கு யார் இருக்கிறார்?

மலையகத்தில் சட்டப் புத்தகத்தில் இல்லாத ஓர் அதிகாரியும் இருக்கிறார்: தோட்டத் துரை, அதாவது தோட்ட முகாமையாளர். காணி அரசுடையது, கம்பனிக்குக் குத்தகை, லயத்து வரிசை வீட்டில் இருப்பவருக்குக் காணி உறுதிப் பத்திரம் இல்லை. ஆகவே ஒரு தொண்டு நிறுவனம் தோட்டத்துக்குள் கால் வைக்க, கூட்டம் போட, கொட்டகை அடிக்கத் துரையின் அனுமதி வேண்டியிருக்கிறது. சட்டம் அவருக்கு விசாரணை அதிகாரம் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் 'யார் நீங்கள், என்ன பேசப் போகிறீர்கள்' என்று முதலில் கேட்பவர் அவர்தான். துரைக்குப் பிடிக்காததைப் பேசுகிற நிறுவனம் கேற்றுக்கு வெளியே நிற்கும். பெயர்ப்பலகை வைத்துப் படம் எடுத்துப் போகிற நிறுவனம் உள்ளே போகும். தண்ணீர் வராத தாங்கிகள் எப்படி உருவாகின்றன என்பதற்குப் பாதி விளக்கம் இதில் இருக்கிறது.

சரி, கொப்பியோடு ஆட்கள் வந்தால் என்ன செய்வது? எந்தத் திணைக்களம், எந்தச் சட்டம், எழுத்தில் அதிகாரம் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்கலாம். அடையாள அட்டை கேட்கலாம். பதிவுச் சான்றிதழையும் கணக்கறிக்கையையும் கொடுப்பதில் தவறில்லை. கொடுத்ததற்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்களின் வீட்டு விவரத்தை வாய்வார்த்தைக்குக் கொடுக்கக் கட்டாயம் இல்லை. குற்ற முறைப்பாடு ஒன்றின் மேல் பொலிஸ் முறையாக விசாரித்தால் அது வேறு. அப்போது வாக்குமூலம் கொடுக்க வேண்டும், கூடவே ஒரு சட்டத்தரணியும் வேண்டும். உரிமை மீறப்பட்டதென்றால் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். ஒரு மாதத்துக்குள் போட வேண்டும் என்பதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. தேத்தண்ணீர் ஊற்றிக்கொடுத்து எல்லாப் பெயரையும் சொன்னேன்.

மறுபக்கம், நிறுவனத்தை நாம் கேட்பதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இது அரச அலுவலகங்களுக்கு மட்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அரசாலோ, வெளிநாட்டு அரசாலோ, சர்வதேச அமைப்பாலோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனமும், அந்தச் சேவை தொடர்பான தகவலைப் பொறுத்தவரை, இதற்குள் வருகிறது. விண்ணப்பம் தமிழில் எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாளுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேல் ஆணைக்குழு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் மலையைச் சரித்துவிட்டுப் போன பிறகு, மலையகத்தின் பெயரில் வசூல் எங்கெல்லாமோ நடந்தது. 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும் அப்படித்தான். அந்தப் பணத்தில் ஒரு பகுதியையாவது இந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்தொடர முடியும்.

தாங்கி விஷயத்தில் அதைத்தான் செய்தோம். அந்த நிறுவனம் கொடுத்த முன்னேற்ற அறிக்கையின் பிரதி கேட்டு அரச அலுவலகம் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டோம். இரண்டு முறை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு தாள் வந்தது. அதில் எங்கள் பக்கத்து டிவிசனின் பெயருக்கு நேராக 'நீர் விநியோகம்: பூர்த்தி' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். அந்தத் தாளைப் பிரதி எடுத்துப் பிள்ளைக் காம்பரா சுவரில் ஒட்டினோம். பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்று வாசித்தார்கள். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவாளருக்குப் போகும் முறைப்பாட்டில் இப்போது கையெழுத்து விழுந்துகொண்டிருக்கிறது.